பசலை பூத்த படங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராகப் போனேன். நடத்தியவர்கள் நம் ஆட்கள்தான், பெயர் வேண்டாம். தலைப்பு 'நம் மண் நம் மக்கள்'. விதிமுறைத் தாளில் இரண்டாவது விதி இது: படங்கள் கேமராவிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், எடிட் செய்த படங்கள் நிராகரிக்கப்படும். படித்தபோது எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆளாளுக்கு ஓர் ஆப்பை வைத்துக்கொண்டு முகத்துக்கு மைதா பூசுகிற காலத்தில் நேர்மை பேச நாலு பேர் இருக்கிறார்களே என்று.

இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கெடாவில் ஒரு பழைய தோட்டத்து லயம். நடுப்பகல். கேமரா வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கிறது. வாசற்படியில் ஒரு பாட்டி, முகத்தை உள்பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வெயில் கொட்டுகிறது. அந்த வெயிலுக்கு முன்னால் அவர் முகம், நல்ல கறுப்பு. ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. மூக்குத்தி போட்ட துளை தூர்ந்துபோன தழும்பு தெரிந்தது. கண்ணோரத்தில் திரண்டிருந்த ஈரம் தெரிந்தது. எடுத்தவள் கல்லூரி மாணவி, பாட்டியின் பேத்தி. யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கிய கேமரா.

ஏற்பாட்டாளர்கள் மூலக் கோப்பைக் கேட்டார்கள். அவளும் வெள்ளந்தியாக அனுப்பிவைத்தாள். அதில் பாட்டியின் முகம் இருந்த இடத்தில் ஒரு கரிய பொத்தல் மட்டும் இருந்தது. அவள் ரா கோப்பில் எடுத்து, வீட்டுக்குப் போய், மடிக்கணினியில் முகத்தின் இருட்டை மட்டும் தூக்கியிருக்கிறாள். வேறெதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை. ஆனால் விதி விதிதானே! நிராகரித்தோம். மூன்று நடுவர்களின் கையெழுத்தில் ஒன்று என்னுடையது.

அன்று இரவே அழைத்தாள். "அண்ணே, எங்க அப்பாயி அங்கதான் உக்காந்திருந்தாங்க. என் கண்ணுக்கு மொகம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. கேமராவுக்குத்தான் தெரியல. அதுக்குத் தெரியாதத நான் தெரிய வெச்சேன். இது பொய்யாண்ணே?"

"ரூல்ஸ்னு ஒன்னு இருக்குல்லமா" என்றேன். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக எழுதுவது.

முதல் பரிசு பத்துமலைக்குப் போனது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, பின்னால் தீப்பிடித்த மாதிரி வானம். சிலையின் பொன்வண்ணம் கண்ணைக் குத்தியது. 'நம் மக்கள்' அந்தப் படத்தில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்தவர் மேடையில் சொன்னார்: "ஒரு எடிட்டும் இல்ல சார். அப்படியே கேமராவுல வந்தது." கைத்தட்டல். மூன்று நாள் கழித்துத் தூக்கம் வராத ஓர் இரவில் அந்தக் கோப்பின் உள்விவரங்களைத் திறந்துபார்த்தேன். பிக்சர் ஸ்டைல்: லேண்ட்ஸ்கேப். சாச்சுரேஷன் +3. கான்ட்ராஸ்ட் +2. ஒயிட் பேலன்ஸ் நிழலுக்கானது, அதாவது இருக்கிற பொன்னை இன்னும் பொன்னாக்குவது. மனிதர் பொய் சொல்லவில்லை. எல்லாம் கேமராவுக்குள்தான் நடந்திருக்கிறது. அவர் செய்ததும் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. ஆனால் அவர் கேமராவின் மெனுவில் செய்ததை அந்தப் பெண் மடிக்கணினியில் செய்தாள். அவருக்குக் கோப்பை, அவளுக்குக் கடிதம்.

இந்த 'வந்தபடியே' என்கிற சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆர் கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று எண்ண மட்டும் தெரியும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகச் சில்லுகள் பதித்த ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கோடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்து வீட்டை எட்டிப்பார்த்து ஊகித்துக்கொள்ளும். நாம் பார்க்கிற பெரும்பாலான டிஜிட்டல் வண்ணப்படங்களில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் இப்படி ஊகிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி, கூர்மை, இரைச்சல் நீக்கம். கடைசியாக, 14 பிட்டில் பதிவான 16,384 படிநிலைகளை 256 படிகளுக்குள் அமுக்கி ஜேபெக் ஆக்குகிறது கேமரா. ஷட்டர் சத்தம் அடங்குவதற்குள் இத்தனையும் முடிந்துவிடுகிறது. எடிட் செய்யாத ஜேபெக் உலகத்தில் கிடையாது. தொழிற்சாலையில் யாரோ முன்கூட்டியே செய்துவைத்த எடிட்டை நாம் 'இயற்கை' என்று கூப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

இலக்கியம் படிக்கிற நமக்கு இது புதிதா? ஒரு சிறுகதைப் பட்டறையில் யாராவது எழுந்து "நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன்" என்று சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு வரும். யார் கண்ணால் பார்த்தாய், எங்கே நின்று பார்த்தாய், எதை விட்டாய் என்று கிழித்துவிடுவோம். அதே ஆட்கள் ஒரு கேமராவின் முன்னால் சின்னப்பிள்ளை ஆகிவிடுகிறோம். 'படம் பொய் சொல்லாது' என்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

சரி, அந்தத் தொழிற்சாலை எடிட் நம்மை என்ன செய்கிறது என்பதுதான் என் வழக்கு.

முதலில் வெளிச்சத்தை அளக்கிற கதை. கேமராவின் மீட்டர் உலகத்தைச் சராசரியான சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற சாம்பல் அட்டை பற்றி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். கரிமூட்டையைப் படமெடுத்தாலும் அது சாம்பல் ஆகும்; சுண்ணாம்புச் சுவரை எடுத்தாலும் சாம்பல் ஆகும். இப்போது நம் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, பின்னால் வெளுத்த வானம், நடுவில் ஒரு கறுத்த முகம். மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். வேட்டி அழகாக வரும். முகம் போய்விடும். என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் பெரியப்பாவின் பல்லும் வேட்டிக் கரையும்தான் மிச்சம். நேர்மாறாக, கறுத்த முகத்தை நெருங்கிப்போய்ச் சட்டம் முழுக்க நிரப்பினால், இருட்டாக இருக்கிறதே என்று மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சாம்பல் பூத்த முகம் ஒன்று வெளியே வரும். 'அட, சிவப்பாய்ட்டேனே!' என்று நாமும் சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

இதற்கு மருந்து கேமராவிலேயே இருக்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒரு பொத்தான், கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கும். முகத்துக்கு நெருங்கிப் போனால் கழிக்க வேண்டும். பின்னால் வெள்ளை இருந்தால் கூட்ட வேண்டும். ஸ்பாட் மீட்டர் வைத்து முகத்தை மட்டும் அளக்கலாம், ஆனால் அப்போதும் அந்த முகம் சாம்பல் இல்லை, கறுப்பு என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். நம் ஊரில் கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டுகிறார்கள். இந்த ஒரு பொத்தானை வருடக்கணக்கில் தொடாதவர்களை எனக்குத் தெரியும்.

தொட்டாலும் சில நேரம் கேமரா விடாது. நான் வைத்திருப்பது கேனன் 60டி. அதில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்று ஒன்று உண்டு. இருட்டான பகுதியைத் தானாகவே வெளுப்பாக்கும். அணைத்துவைத்தால் தவிர எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒருமுறை தைப்பூசத்துக்கு முந்தின இரவு, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தாத்தா வேல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இருட்டு எனக்கு வேண்டும். ஒரு ஸ்டாப் கழித்து எடுத்தேன். திரையில் பார்த்தால் இருட்டைக் காணோம். நான் கழித்ததை அது கூட்டிவைத்திருக்கிறது! கேட்டால் உதவி என்பார்கள். நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்று வேறு பெயர், வேலை கிட்டத்தட்ட அதுதான்.

இங்கே நம் போட்டிக்கு ஒரு நிமிடம் திரும்பலாம். கேமரா தானாகவே ஒரு முகத்தை வெளுப்பாக்கினால் அது 'வந்தபடியே'. பேத்தி தன் கையால் செய்தால் மோசடி. இன்னும் மோசம் ஒன்று சொல்கிறேன். என் 60டி-யில் ரா கோப்பைக் கேமராவுக்குள்ளேயே திறந்து, பிரகாசத்தைக் கூட்டி, ஸ்டைலை மாற்றி, புது ஜேபெக்காகச் சேமிக்கலாம். அந்த வேலையை நான் வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு மாதம் கழித்துச் செய்தாலும் படம் 'கேமராவிலிருந்து வந்தது'தான். அந்தப் பெண்ணிடம் இருந்த மலிவான மாடலில் அந்த வசதி இல்லை. ஆக, நாங்கள் கையெழுத்துப் போட்ட விதி நேர்மையை அளக்கவில்லை. யாரிடம் எந்த விலைக்குக் கேமரா இருக்கிறது என்பதை அளந்தது.

இதெல்லாம் டிஜிட்டலோடு ஆரம்பித்த கதையும் இல்லை. பிலிம் காலத்தில் அச்சகங்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் நின்ற பெண்ணின் பெயரை வைத்து அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். கனடாவில் மொன்றியால் நகரத்துப் பேராசிரியர் லோர்னா ராத் இதைத் தேடி ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு செய்தி என்னை உலுக்கியது. அடர்ந்த பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று கோடாக்கிடம் அழுத்தமாகப் புகார் சொன்னவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி மேசை செய்கிறவர்களும் முக்கியமானவர்கள். தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த கவனிப்பு கறுத்த மனிதத் தோலுக்குக் கிடைக்கவில்லை.

பிக்சர் ஸ்டைலுக்கு வருவோம். 2005 வாக்கில் கேனன் கொண்டுவந்தது, நிக்கான் இரண்டு வருடம் கழித்து பிக்சர் கன்ட்ரோல் என்று கொண்டுவந்தது. ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், நியூட்ரல், ஃபெயித்ஃபுல், மோனோகுரோம் என்று வரிசை. போர்ட்ரெய்ட் வைத்தால் தோல் அழகாக வரும் என்பது அவர்கள் தருகிற விளக்கம். யார் தோல்? என் அனுபவத்தில் அது செய்வது தோலை மெதுமெதுவாக்கி ரோஜாப்பூப் பக்கம் நகர்த்துவதைத்தான். எங்கள் வீட்டில் யார் கன்னத்திலும் ரோஜா இல்லை. உள்ளே போனால் நான்கு சறுக்கிகள் இருக்கும்: கூர்மை, கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி, கலர் டோன். தோலுக்கென்று இருப்பது அந்தக் கடைசிச் சறுக்கிதான். கழித்தல் பக்கம் போனால் தோல் சிவக்கும், கூட்டல் பக்கம் போனால் மஞ்சளாகும். இரண்டே திசைதான். பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு 'பிள்ள செவப்பா?' என்று கேட்கிற நம் கிழவிகளுக்கு இந்தச் சறுக்கி ரொம்பப் பிடிக்கும். கறுப்பை நோக்கிப் போகிற சறுக்கி எந்த மெனுவிலும் இல்லை. அதை எக்ஸ்போஷரிலும் கான்ட்ராஸ்டிலும் நாமேதான் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் பழைய ஆட்களிடம் அந்த நிறத்துக்கு ஒரு சொல் இருந்தது. மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். மாந்தளிரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பழுப்புக்குள் செம்பு, செம்புக்குள் ஊதா, மேலே ஒரு மினுமினுப்பு. தலைவியின் அழகே அதுதான். அந்த அழகைத் தின்ன வருகிற நோய் பசலை. வெளிறிய, மஞ்சள் பாய்ந்த நிறம். வெள்ளிவீதியார் குறுந்தொகையில் பாடியது மாமையைப் பசலை உண்ணப்போகிற துக்கத்தை. வள்ளுவர் பசப்புக்கென்றே 119-ஆவது அதிகாரத்தை ஒதுக்கினார். கறுப்பு ஆரோக்கியம், வெளிறல் நோய் என்று பாடிய மொழி இது. இப்போது ஒரு கல்யாண ஆல்பத்தைத் திறங்கள். முகத்தில் ஒரு ஸ்டாப் கூட்டி, கான்ட்ராஸ்டை இறக்கி, மஞ்சள் பக்கம் தள்ளி, மணப்பெண்ணைத் தாலி கட்டிய அன்றைக்கே பசலை பூக்க வைத்திருக்கிறார்கள். கணவன் பக்கத்தில்தான் நிற்கிறான், பாவம்.

(தோட்டத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. பால்மரத்துக் காட்டுக்குள்ளும் செம்பனைக்குள்ளும் எடுத்தால் இலை வழியாக இறங்குகிற வெளிச்சம் முகத்தில் பச்சையாக விழும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைப் பாதிதான் திருத்தும். ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்கிற கட்டத்துக்குள் போய் மஜந்தா பக்கம் இரண்டு மூன்று கட்டம் நகர்த்திப் பாருங்கள். ஆள் உயிரோடு வருவார்.)

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அடுத்தது. மோனோகுரோம் ஸ்டைலுக்குள் போனால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று நான்கு வடிகட்டி விளைவுகள் இருக்கும். பழைய காலத்தில் லென்ஸ் முன்னால் மாட்டிய வண்ணக் கண்ணாடிகளின் வேலையை இவை செய்கின்றன. நம் பையன்களுக்குச் சிவப்பு மேல் ஒரு காதல். நீலவானத்தைக் கருகருவென்று இறக்கி, மேகத்தை வெள்ளை வெளேரென்று எழுப்பும். பார்த்தவுடன் 'கலை' மாதிரி இருக்கும். ஆனால் பழுப்புத் தோல் திருப்பித் தருகிற வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம். சிவப்பு வடிகட்டி அதை அப்படியே உள்ளே விட்டுவிடும். விளைவு, வானம் கறுக்கும், ஆள் வெளுப்பார். வானத்துக்காகப் பாட்டியை விற்ற கதை. பச்சை வடிகட்டி நேர்மாறு. சிவப்பைத் தடுப்பதால் தோல் ஆழமாகும். உதடு, இமை, கழுத்து மடிப்பு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், இலைகள் வெளுக்கும். நான் ஒரு வருடமாக மோனோகுரோமில் பச்சையைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை. பாரபட்சம் என்றால் பாரபட்சம்தான்.

நம் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகளைப் பாருங்கள். தோட்டம் பற்றிய புத்தகம் என்றால் ஒரு கிழவியின் முகம், சுருக்கங்கள் வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டு, கண்ணில் மட்டும் ஒளி. கான்ட்ராஸ்ட் உச்சத்தில், மேலே மணல் தூவிய மாதிரி இரைச்சல். கேனனில் கிரெய்னி பி/டபிள்யூ என்றே ஒரு கிரியேட்டிவ் ஃபில்டர் இருக்கிறது, எடுத்த பிறகு ஒரு பொத்தானில் போட்டுக்கொள்ளலாம். கூடவே சாஃப்ட் ஃபோகஸ், பொம்மைக் கேமரா, ஊரையே பொம்மையாக்குகிற மினியேச்சர். ஒரு கேமராவில் இருப்பதிலேயே நாம் யோசிக்கத் தேவையில்லாத பகுதிக்கு 'கிரியேட்டிவ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வறுமைக்கு ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை நாம் இலவசமாகப் பாட்டிமார்களின் முகத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாட்டி அட்டையில் இருக்கிறாரே, அவரிடம் காட்டினீர்களா என்று ஒரு பதிப்பாளரைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மல்டிபிள் எக்ஸ்போஷரை மட்டும் நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கமாட்டேன். 2012-இல் வந்த 5டி மார்க் III மாதிரியான கேமராக்களில் ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று காட்சிகளை அடுக்கலாம். முதல் காட்சியில் எது இருட்டாக இருக்கிறதோ அங்கேதான் இரண்டாவது காட்சி வந்து உட்காரும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். கறுத்த ஒரு முகத்தின் பக்கவாட்டுக்குள் செம்பனை ஓலைகள் முளைத்து நிற்கிற மாதிரி ஒரு நண்பர் எடுத்திருக்கிறார். அங்கே கறுப்புதான் இடம் கொடுக்கிறது. வெளுத்த முகத்தில் அது நிற்காது.

இனி எதிர்ப்பக்கம். இரண்டு தரப்பு உண்டு.

ஒரு தரப்பு ரா கோப்புப் பண்டிதர்கள். "கேமரா செட்டிங்லாம் ஜேபெக் எடுக்கிற சின்னப் பசங்களுக்கு லா, ரா எடுத்தா எல்லாத்தையும் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். பாதி உண்மை. பிக்சர் ஸ்டைல் ரா தரவைத் தொடாது. ஆனால் கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்க்கிற படமும், அதன் ஹிஸ்டோகிராமும் அந்த ஸ்டைலின்படி செய்த ஜேபெக்தான். கான்ட்ராஸ்ட் ஏறிய ஸ்டைலில் திரையைப் பார்க்கிறவனுக்கு முகம் இருட்டாகத் தெரியும், உடனே வெளிச்சத்தைக் கூட்டுவான், வேட்டி வெந்துபோகும். எதிரில் நிற்கிற மனிதரின் நிறத்தை அங்கேயே, அவர் இருக்கும்போதே பார்த்துத் தீர்மானிப்பதற்கும் நள்ளிரவில் அறைக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்து தீர்மானிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நினைவும் தொழிற்சாலை மாதிரிதான், அதற்கும் முன்முடிவுகள் உண்டு. அதோடு 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் வெளிப் புகைப்படக்காரர்களிடம் ராவிலிருந்து செய்த படங்களை அனுப்பாதீர்கள், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்று சொன்னது. வேகத்துக்காகவும் நம்பகத்துக்காகவும் என்றார்கள். அந்த நம்பகத்தோடு நான் மல்லுக்கட்டுவேன், அது வேறு விஷயம். ஆனால் அப்படி ஒரு வேலைக்குப் போகிற நம் பிள்ளைக்குக் கேமரா மெனு மட்டும்தான் கையில் இருக்கும். அதைச் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று ஒதுக்கினால் கறுத்த முகங்கள் செய்தித்தாளிலும் பொத்தல்களாகத்தான் வரும்.

இன்னொரு தரப்பு, "அப்போ எதை வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று கேட்கிறவர்கள். நியாயமான கேள்வி, கோபப்பட மாட்டேன். 2016-இல் ஸ்டீவ் மெக்கரியின் கியூபா படத்தில் ஒரு கம்பம் அரைகுறையாக அழிக்கப்பட்டிருந்தது கண்காட்சியில் பிடிபட்டது. பிறகு அவருடைய வேறு படங்களில் ஆட்கள் காணாமல் போயிருப்பதையும் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய பெயர், என்னை மாதிரி எத்தனையோ பேர் அவரைப் பார்த்துத்தான் கேமரா தூக்கினோம். அங்கே இருந்த ஒருவரை இல்லாமல் செய்வது பொய். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிக்காரர்கள் இதைப் பல வருடமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: வெளிச்சத்தையும் நிறத்தையும் ஓரளவுக்குச் சரிசெய்யலாம், படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிடுகிறார்கள். உலகப் போட்டிக்கு இருக்கிற தெளிவு நம் வட்டாரப் போட்டிக்கு ஏன் இல்லை? யோசிக்க நேரம் ஒதுக்கவில்லை, அதுதான் காரணம். நானும் ஒதுக்கவில்லை. அந்தப் படத்தில் இருந்த ஒருவரை இல்லாமல் செய்தவர்கள் என்று பார்த்தால், அது மீட்டரும் மூன்று நடுவர்களும்தான்.

போன வருடம் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கக் கெடாவுக்குப் போனேன். லயத்தில் இப்போது நாலு குடும்பம்தான். பாட்டி இருந்தார், அதே வாசற்படி. என் கேமராவில் நான் பழக்கிவைத்திருக்கிற செட்டிங்: நியூட்ரல் ஸ்டைல், கான்ட்ராஸ்ட் −2, கலர் டோன் 0, லைட்டிங் ஆப்டிமைசர் அணைத்தது, வெளிச்சம் முகத்தைப் பார்த்துக் கையால் வைப்பது. வெயில் பின்னால் வெளுத்துப்போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். எடுத்துத் திரையைப் பாட்டியிடம் காட்டினேன். மாந்தளிர் நிறம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்? கொஞ்சம் வெளுப்பா எடுப்பா, செத்தா படத்த மாட்டுவாங்கல்ல."

பேத்தி சிரித்துவிட்டாள். இத்தனை பக்கம் எழுதிய எனக்கு அந்த வாசற்படியில் ஒரு வார்த்தை வரவில்லை. மாமை, பசலை என்று அவரிடம் பேசவா முடியும்? எழுபது வருடமாகக் கறுப்பி என்று கூப்பிடப்பட்டவர். பேத்தி என்னிடமிருந்து கேமராவை வாங்கி, கூட்டல் பக்கம் முக்கால் ஸ்டாப் நகர்த்தி எடுத்தாள். மூன்றில் இரண்டு என்றுதான் அதில் காட்டும், அவள் சொன்னது முக்கால். பாட்டி தலையாட்டினார். அந்தப் படத்தைச் சுங்கை பட்டாணியில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். நான் எடுத்ததைப் பேத்தி தன்னிடம் வைத்துக்கொண்டாள். எந்தப் படம் சரி என்று என்னை யாராவது கேட்டால், பாட்டி வீட்டுச் சுவரில் பாட்டி சொன்னதுதான் மாட்டப்பட வேண்டும் என்பேன். புத்தக அட்டைக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன். முரண்தான். ஆனால் இரண்டு இடத்திலும் கேமராவின் பொத்தானை நகர்த்தியது ஆள், கம்பெனி இல்லை.

இந்த வருடப் போட்டிக்கான கடிதம் போன வாரம் வந்தது. என்னை மறுபடியும் நடுவராக அழைத்திருக்கிறார்கள். விதிமுறைத் தாள் அதேதான், இரண்டாவது விதி ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பதில் எழுதினேன். ஒன்று அந்த விதியை எடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், வருகிற ஒவ்வொரு படத்துக்கும் பிக்சர் ஸ்டைல் என்ன, கான்ட்ராஸ்ட் எவ்வளவு, ஒயிட் பேலன்ஸ் எதில், லைட்டிங் ஆப்டிமைசர் எந்த நிலையில் என்று படிவத்திலேயே கேளுங்கள், கேமராவின் விலையையும் சேர்த்து. இரண்டு வருடத்துக்கு முன்பு நிராகரித்த படத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அதில் என் கையெழுத்தை முதலில் போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். இதை அனுப்புகிற வரைக்கும் பதில் வரவில்லை.